பதினெட்டு நாள் தூக்கம்

முன்னாள் ராணுவத்தினரைப் பராமரிப்பவர்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய பதினெட்டு நாள் தூக்கம், ஆடி மாதம் இரண்டாவது வாரம், வாய் தைத்த கோணிப்பையில் தனகோட்டியின் வீட்டுக்கு வந்தது. ஆனால் அவள் பெயருக்கு வரவில்லை. கொண்டுவந்த சிப்பந்தி மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தான். நேராகக் கட்டிலருகே போய் ஹவில்தார் ஏகாம்பரத்தின் நெஞ்சின்மேல் பையைப் பிரித்துக் கொட்டினான். ஏகாம்பரம் சொல்லவந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

தனகோட்டிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பனிமலையில் முதுகெலும்பு முறிந்து ஏகாம்பரம் வீடு திரும்பிப் பதினோரு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் புண் வைக்காமல் இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போடவேண்டும். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம். பகலென்றும் ராத்திரியென்றும் அதற்குக் கிடையாது. பதினோரு வருஷமாக அவள் முழுசாக ரெண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கண்ணை மூடியதில்லை. அந்தத் தூக்கத்துக்காகத்தான் மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் கணவனைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அடுத்த தடவை புரட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டுமென்றால், அதிகாரியிடம் பேச அவளுக்கு அரை மணிதான் இருந்தது. அந்த அரை மணியில் பாதியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தே கழித்தார்கள்.

அதிகாரியின் பெயர் ஜெயசீலன். தூக்கம் ஒரு துறை, பாய் தலையணை ஒரு துறை, கொட்டாவி இன்னொரு துறை. எல்லாவற்றையும் சேர்த்துவைப்பது அவர் வேலை. இதுவரை எதுவும் சேர்ந்ததில்லை. ஆனால் மனுஷர் மரியாதையாகப் பேசினார்.

"சார், பதினோரு வருஷமா அவரைப் புரட்டிப் போடறது நான். தூக்கம் அவருக்குப் போயிருக்குது. இது இன்னா நியாயம்?"

"புரட்டறது நீங்கதாம்மா, யாரு இல்லேன்னது? ஆனா பட்டாளத்துப் பதிவுல நீங்க அவரைச் சார்ந்திருப்பவர்னு இருக்குது. நீங்க அவரைச் சார்ந்திருந்தா, உங்களைப் பராமரிக்கிறவர் அவர்தானே? தூக்கம் பராமரிக்கிறவருக்குத்தான்."

"அவரு தூங்கறப்பவும் நான்தான் சார் எழுந்து புரட்டறேன்."

"நல்லதும்மா, விட்டுறாதீங்க. மீதியை உங்க பேருக்கு மாத்தணும்னா அவரு ஒரு கையெழுத்து போடணும். முழிச்சிருந்து போடணும்."

"அரசாங்கத் தூக்கம் சார். உலுக்கிப் பார்த்தேன், அசையலை."

ஜெயசீலன் பதிவேட்டைப் புரட்டினார். ஏகாம்பரம் எட்டு நாளாகத் தூங்குவதால் அவர் செலவழிக்காத எட்டு நாள் விழிப்பு அலுவலகக் கிடங்கில் தேங்கிக் கிடப்பதாகவும், சார்ந்திருப்பவர் என்ற முறையில் தனகோட்டி அதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வேண்டாமென்றால் 'உதவியை மறுத்தார்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்களாம்.

தூக்கம் கேட்டுப் போனவளுக்கு விழிப்பைக் கொடுத்து அனுப்புகிறார்கள், கேட்பாரில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, மீதித் தூக்கத்தைப் பெயர் மாற்றும் படிவத்தையும் கேட்டு வாங்கி, மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்சீட்டுக் கைக்குழந்தை விழித்து அழுதது. அதன் தாய் திரும்பித் தனகோட்டியை முறைத்தாள். கண்டக்டர் மூட்டைக்குத் தனியாக டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் மூட்டையைக் கட்டிலருகே இறக்கினாள். முடிச்சு அவிழ்வதற்குள் ஏகாம்பரம் கண்ணைத் திறந்துவிட்டார். அவருடைய விழிப்பு அல்லவா, அவரைத் தெரிந்துகொண்டது.

"இன்னா தனம், மூஞ்சியெல்லாம் இப்டிக் கறுத்துக் கெடக்குது? கொஞ்சம் படேன்."

"படுக்கறேங்க. மொதல்ல இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

படுத்தபடியே போட்டார். மூன்றாம் நாள் அதே சிப்பந்தி வந்தான். மீதிப் பத்து நாள் தூக்கம் ஒரு பையில் இருந்தது. அப்போதுதான் மணி நாலு அடித்தது, அவள் ஏகாம்பரத்தை வலப்பக்கம் திருப்ப முதுகுக்கடியில் கைகொடுத்திருந்தாள். கொஞ்சம் இருப்பா என்றாள். அவனுக்கு இன்னும் ஆறு வீடு இருந்தது. அவள் தலையிலேயே கொட்டிவிட்டுப் போனான்.

தனகோட்டி தூங்கினாள். கண் இறுக மூடியது, மூச்சு சீரானது. கை மட்டும் நிற்கவில்லை. அவரை வலப்பக்கம் திருப்பி, முதுகுக்குப் பவுடர் போட்டு, கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். ஆறு மணிக்கு மல்லாத்தினாள். எட்டு மணிக்கு இடப்பக்கம். ஏகாம்பரம் கையைப் பிடித்து இழுத்தார். "போதும் தனம், விட்டுடு, படு," என்றார். தூங்குகிறவளுக்கு அது எங்கே கேட்கும்.

ஐந்தாம் நாள், உதவி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஜெயசீலனே நேரில் வந்தார். தனகோட்டி போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய்க் குனிந்து காது கொடுத்தார். மெல்லிய குறட்டை கேட்டது. திருப்தியாகத் தலையசைத்தார்.

ஏகாம்பரம் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். "அவளைப் பிடிச்சு ஒரு பாயில படுக்க வைங்க சார். என்னால எழுந்து வந்து செய்ய முடியலை. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"படுக்கிறது வேற துறைங்க," என்றார் ஜெயசீலன்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'பயனாளி நன்றாக ஓய்வெடுத்து வருகிறார்' என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் தனகோட்டி கண்ணை மூடியபடியே ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். வாங்கிக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.