முதல் தண்ணீர்

அப்பாவின் வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் ஷூ இருந்தது. மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த லேஸின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா எதைக் கட்டினாலும் இரட்டை முடிச்சு போடுவார். நகம் நுழையவில்லை.

"கத்திரிக்கோலால வெட்டி எறியேன்," என்றான் அண்ணன். போன் அவன் காதில் இருந்தது. "ஆமா சார், காலையிலதான். ஷூ போட உக்காந்தவர் அப்படியே... இல்ல சார், கஷ்டப்படல."

"அவிழும். கொஞ்சம் இரு."

"ஆள் வர்ற நேரம். ஒத்தைக் கால் ஷூவோட படுத்திருந்தா நல்லாவா இருக்கு?"

"எங்கேயோ கிளம்பின மாதிரி இருக்கு," என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. ஒருமுறை அழுது முடித்து மூக்கைத் துடைத்து, அடுத்த அழுகைக்கு முன் இளைப்பாறிக்கொண்டிருந்தாள். "என் தம்பி எங்கயும் முன்னாடியே போய் நிப்பான். கல்யாண வீட்டுல நாற்காலி விரிக்கிறதுக்குள்ள போயிடுவான். இங்கயும் எனக்கு முன்னாடி போயிட்டான், அவசரக்குடுக்கை."

அப்பா கிளம்பியது சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு.

அரசுக் குடிநீர் நிறுவனத்தில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு அவர் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு, பழைய நகரத்தில் பிள்ளைகள் சோர்ந்து சோர்ந்து விழுவதைப் பார்த்து ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈயம் இருந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்து வந்ததா என்று சட்டமன்றத்தில் கேட்டார்கள். இல்லவே இல்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்ததை அமைச்சர் வாசித்தார். குழு கூப்பிட்டு விசாரித்தபோது, நிறுவனத்தின் எம்.டி. சோதனை முடிவுகளை மேசையில் அடுக்கினார். எல்லாம் வரம்புக்குள். ஆய்வகத்தின் பழைய தலைவர் என்று வரவழைக்கப்பட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "இந்த எண்களெல்லாம் சரிதானா?" என்று கேட்டார்கள்.

"சரிதான்," என்றார் அப்பா. டி.வி.யில் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அதிலிருந்து அவர் வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தார். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். "ரயிலுக்கு நிக்கிற மாதிரியே இருக்கீங்களே," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். போன மாதம் அவரே குழுவுக்குப் போன் செய்து இன்னொரு முறை பேச வேண்டும் என்று கேட்டார். நேற்று சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே மகளிடம் சொன்னார்.

"அன்னைக்கு அவங்க கேட்டதுக்குச் சரியாத்தான் சொன்னேன். நாளைக்குக் கேக்காததைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"என்னப்பா அது?"

"வந்து சொல்றேன். காலர் மடிஞ்சிருக்கா பாரு."

காலர் மடியவில்லை. அதைத்தான் அவள் பார்த்துச் சொன்னாள். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

முடிச்சு திடீரென்று அவிழ்ந்தது. ஷூவைக் கழற்றினாள். லேஸை ஏன் உருவினாள் என்று தெரியவில்லை, கை உருவியது. அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. நேராக இருந்த நாற்காலிகளை நேராக்கினாள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று ஒவ்வொரு டம்ளராகக் குனிந்து பார்த்தாள்.

"ஏ குட்டி, ஒரு இடத்துல உக்காரு. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் அத்தை. "அப்பன் விட்ட நடையை இவ பிடிச்சுக்கிட்டா."

மதியம் எம்.டி. வந்தார். வாட்டசாட்டமான மனிதர், குரல் மட்டும் மெலிது. மலர் வளையத்தை அவரே சுமந்து வந்து அப்பாவின் காலடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது இரண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்தான். பிறகு அண்ணனின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அவள் பின்னாலேயே போய் நின்றாள்.

"நாளைக்கு அமைச்சர் சபையில பதில் சொல்றார் தம்பி. அப்பாவுக்கு இரங்கலும் சேர்த்து. 'கடைசி வரைக்கும் தன் வார்த்தையில உறுதியா நின்ன அதிகாரி'ன்னு ஒரு வரி வரும். குடும்பத்துக்குச் சம்மதம்னு நீங்க சொன்னாப் போதும்."

"சொல்லலாம் சார்," என்றான் அண்ணன்.

"எப்படி சொல்லலாம்?" என்றாள் அவள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "இன்னைக்கு அப்பா என்ன சொல்லக் கிளம்பினார்னு நமக்கே தெரியாது."

எம்.டி. அவளைப் பார்த்தார். "சொன்னதையே திரும்பச் சொல்லத்தான்மா போயிருப்பார். வேற ஏதாவது உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன என்ன," என்றார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

அண்ணன் அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவனும் அதே நிறுவனத்தில்தான். வீடு வீடாகப் போய், குழாய்த் தண்ணீரைச் சோதனைக்குப் பாட்டிலில் பிடித்து வரும் வேலை. வேலை நிரந்தரமாவதற்கு எம்.டி.யின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"உனக்கென்ன, மூக்குக்கண்ணாடிக் கடையில 'இது தெரியுதா, அது தெரியுதா'ன்னு கேட்டுட்டு வந்துடுவ. நான் அந்த ஆள் முகத்துல தினம் முழிக்கணும். நல்ல வார்த்தைதானே சொல்றாங்க அப்பாவைப் பத்தி?"

"அப்பா அதைச் சொல்லச் சொன்னாரா?"

"சொல்ல வேண்டியவர் போயிட்டார். விடேன்."

வாசலில் பேச்சு நின்றது. குழுத் தலைவி வந்திருந்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி; குடையை ஊன்றிப் படியேறினார். "ஓட்டுக் கேட்டு வந்தப்போ இந்தப் படி ஏறல. கீழேயே நின்னு கும்பிட்டுட்டுப் போனாங்க," என்று அத்தை எல்லோருக்கும் கேட்கும் ரகசியத்தில் சொன்னாள். தலைவி அதைக் கேட்டார். "இப்பவும் ஏற முடியாத காலுதாங்க. வந்தாகணும்னு வந்தேன்," என்றார். அத்தை தானாக நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அப்பாவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த தலைவி, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். "ஒரு வாய் தண்ணி கிடைக்குமாம்மா?"

அவள் சமையலறைக்கு ஓடினாள். ஏதாவது செய்யச் சொன்னார்களே என்று இருந்தது. இரண்டு டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தாள், பிடித்தாள், மூடினாள். ஒன்றைத் தலைவியிடம் கொடுத்தாள். இன்னொன்றை எம்.டி.யிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வாயருகே கொண்டுபோய், நிறுத்தினார்.

"ஓடவிட்டுப் பிடிச்சீங்களாம்மா?" என்றார் மெல்ல.

அவள் ஓடவிடவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஓடவிடாமல் பிடித்ததில்லை. சமையலறைக் குழாய் தெருவின் பழைய குழாயிலிருந்து நேரே வருவது. தினமும் விடியும்போது அப்பா எழுந்து அதைத் திறந்துவிட்டு, பல் தேய்த்து முடிக்கும்வரை ஓடவிடுவார். அதற்குமுன் யாரும் ஒரு சொட்டுத் தொடக் கூடாது. 'தண்ணிக்காரன் வீட்டுலதான் தண்ணி வீணாப் போகுது' என்று தெருவே கேலி செய்யும். அந்தச் சத்தத்தில்தான் அவள் எழுவாள். இன்று எழுந்தது அம்மாவின் குரலில். ஷூவைப் போட்டுவிட்டுத் திறக்கலாம் என்று இருந்தாரோ என்னவோ. அதன்பிறகு யாரும் திறக்கவில்லை.

"எதுக்கு ஓடவிடணும்?" என்று கேட்டார் தலைவி. மாத்திரை அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க. பழைய தெரு. துரு வரும். ஒரு பழக்கம்," என்றார் எம்.டி.

"உங்க கம்பெனித் தண்ணிதானே? வரம்புக்குள்ள இருக்கிற தண்ணி?"

எம்.டி. டம்ளரைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார்.

மகள் அண்ணனைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் கேட்டாள். "அண்ணா, நீ சோதனைக்குப் பிடிக்கிறப்போ எப்படிப் பிடிப்ப?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

அண்ணன் எம்.டி.யைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "நல்லா ஓடவிட்டுட்டுத்தான். அதான் முறை."

கூடத்தில் விசிறிக்கொண்டிருந்த யாரோ நிறுத்தினார்கள்.

"ராத்திரி பூரா ஈயக் குழாய்ல கிடந்த தண்ணியைச் சாக்கடைக்கு அனுப்பிட்டு," என்றார் தலைவி, ஒவ்வொரு சொல்லாக, "பின்னால வர்றதைப் பிடிச்சு, அதோட எண்ணை எங்க மேசையில வெச்சீங்க. பிள்ளைங்க காலைல எழுந்து முதல் தண்ணியைத்தான் குடிக்குது."

"வெச்ச எண் ஒண்ணுகூடப் பொய்யில்லைங்க. எப்படிப் பிடிச்சீங்கன்னு குழு கேக்கல." எம்.டி. குரலை உயர்த்தவில்லை. பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "அந்த முறையை யார் கொண்டுவந்தாங்கன்னு நீங்களும் கேக்காதீங்கம்மா. உங்க அப்பா இன்னும் இந்த வீட்டை விட்டுக் கிளம்பல."

அவள் விரலில் லேஸ் இறுகியிருந்தது. நுனி வெளுத்துவிட்டது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. இப்போது, யார் எதைப் பேசுகிறார்கள் என்று தெரிந்தோ தெரியாமலோ, அண்ணியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"பேத்திக்கு ஓடவிட்டுத்தான் குடுப்பார். ஒரு நாள்கூட மறந்ததில்ல."

எம்.டி. எழுந்து, அப்பாவைக் கும்பிட்டு, அண்ணனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். "யோசிச்சுக்குங்க தம்பி," என்றார் போகும்போது.

தலைவி மாத்திரையைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார். வாசலில் குடையை விரித்தபடி மகளிடம் சொன்னார்: "நாளைக்குக் காலைல குழு மறுபடி கூடுது. நான் இங்க கேட்டது வெறும் காதால கேட்டது. அங்க யாராவது வந்து உக்காந்து சொன்னாத்தான் அமைச்சரை எழுப்பிக் கேள்வி கேக்க முடியும். சொன்னா உங்க அப்பா பேரும் வரும்மா. அதை நான் மறைக்க மாட்டேன்."

"அவர் அதைச் சொல்லத்தான் கிளம்பினார்."

"அதையும் சொல்லலாம்," என்றார் தலைவி.

சாயங்காலம் அப்பாவை எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது வீடு பெரிதாகிவிட்டிருந்தது. நாற்காலிகளை யாரோ அடுக்கிவிட்டிருந்தார்கள். நேராக்க ஒன்றுமில்லை. கூடத்து மேசையில் இரண்டு டம்ளரும் நிரம்பியபடியே இருந்தன.

அவள் அவற்றை எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை என்று நன்றாக ஓடவிட்டு, ஒரு குடம் பிடித்து வந்தாள். பிறகு பையிலிருந்து லேஸை எடுத்துக் குழாயின் பிடியில் சுற்றி, அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள்.

"குழாய்க்கு ஷூ மாட்டி விடறியா?" என்று சமையலறை நிலைப்படியிலிருந்து கேட்டாள் அத்தை.

"காலைல வரைக்கும் இதை யாரும் திறக்க வேண்டாம் அத்தை. குடத்துல இருக்கு."

"ஏன்?"

அவள் முடிச்சை இன்னொரு முறை இழுத்து இறுக்கினாள். அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். "அவனை மாதிரியே ரெட்டை முடிச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த முறை அவள் அழுத சத்தம் வெளியே வரவில்லை.

அண்ணன் குளித்து, தலை துவட்டாமல் வந்தான். டம்ளரை எடுத்துக் குழாய்க்குக் கீழே நீட்டியவன் லேஸைப் பார்த்தான். முடிச்சின்மேல் விரலை வைத்து நெருடினான். நகம் நுழையவில்லை.

"கத்திரிக்கோல் வேணுமா?" என்றாள் அவள்.

அவன் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனான். வண்டியின் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகுநேரம் வரவில்லை. அவள் கூடத்துக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். அவன் வந்தபோது கையில் வெள்ளை மூடி போட்ட பாட்டில் ஒன்று இருந்தது. நிறுவனத்தின் பாட்டில். அதைக் குழாய்க்கு நேர் கீழே, தொட்டிக்குள் வைத்தான். சாய்ந்தது. சரியாக நிமிர்த்தி வைத்தான்.

"கழுவிடாதே. சுத்தமாத்தான் இருக்கு," என்றான். "காலைல முதல் தண்ணி பிடிக்கிறப்போ மூடியைத் திறந்தாப் போதும்."

"சரி."

"அம்மா தூக்கக் கலக்கத்துல வந்து திறந்துடப் போறாங்க. சொல்லி வை."

அவன் போய் வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் ஜன்னலைத் திறந்தாள். லேஸின் ஒரு முனை நீளமாகத் தொங்கியது. காற்றில் ஆடி, பாட்டிலின் மூடியைத் தொட்டுத் தொட்டு விலகியது.