நாலாவது மாடியிலிருந்து இறங்கிய கண்ணாடி

எகிப்தில் தச்சர்களின் ஊரான டமியெட்டாவில் பிறந்துவிட்டுத் தச்சுவேலை தெரியாமல் இருப்பதைப் போல வெட்கக்கேடு வேறு கிடையாது. எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு நாற்காலிக்காரன் மண்டையில் விழும். அவன் குனிந்துவிட்டால் பின்னால் நிற்கும் கட்டில்காரன் மண்டையில் விழும். நான் மட்டும் முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து தொலைத்தேன். என் தம்பி மித்வல்லிக்குத் தெருமுனையில் பெரிய பட்டறை, கீழே ஏழு பேர் வேலை. கல்யாணம், கருமாதி எதுவானாலும் நாலு பேர் நடுவில் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவான்.

"பாருங்கப்பா, சாக்பீஸ் பிடிச்ச கை. ஒரு சிராய்ப்பு உண்டா?"

ஓய்வு பெற்ற மறுவாரமே பின்பக்க அறையைக் காலி செய்து பட்டறை ஆக்கினேன். நாலாவது மாடி. என் மனைவி தஹானி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள், அது இன்னும் மோசம்.

"ஷாஹிந்தா அப்பா, இன்னிக்கு அவரைக்காயில உப்பு சரியா இருக்கா, மரத்தூள் சரியா இருக்கா?"

நாற்காலி, மேஜை எதற்கும் நான் ஆசைப்படவில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் சட்டம், அவ்வளவுதான். ஏனென்றால் அது தச்சுவேலை வேஷம் போட்ட கணக்கு. நாலு துண்டு, எட்டு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் நாற்பத்தைந்து டிகிரி. எட்டிலும் அரை டிகிரி பிசகினால் மூன்று மூலை சமர்த்தாகச் சேர்ந்துகொண்டு, நாலாவது மூலை நாலு டிகிரிக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த வாயை ஊரில் எல்லோரும் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்துவிடுவார்கள். மித்வல்லியும் அடைப்பான். நான் அடைக்க மாட்டேன். தப்பாகப் போட்ட கணக்கின் மேல் மை ஊற்றி மறைக்கிற பையனை நான் என்றைக்கும் பாஸ் போட்டதில்லை. இடைவெளி தெரிந்தால் சட்டத்தை உடைத்து அடுப்புக்குப் போடுவேன். முதல் வருஷம் முழுக்க எங்கள் வீட்டு ரொட்டி சட்டத்துக்கு வாங்கிய பீச் மரத்தில்தான் வெந்தது.

இரண்டாம் வருஷம் மூலைகள் சேர ஆரம்பித்தன. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு துண்டுகள் சேர்கிற இடத்தில் விரலை வைத்துத் தடவினால் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாது. நான் தனியாக அறைக்குள் நின்று சிரிப்பேன்.

அப்போதுதான் ஷாஹிந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்கு ஒரே பெண். கட்டில், அலமாரி, உணவு மேஜை எல்லாம் சித்தப்பா பட்டறையில் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. மித்வல்லி பட்டியலை எழுதிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி என்ற இடத்துக்கு வந்தபோது அவள் காபித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"கண்ணாடி மட்டும் வேண்டாம் சித்தப்பா. அது பாபா பண்ணுவாரு."

மித்வல்லி காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வாத்தியாரண்ணே, ஆல்பம் போட்டோவுக்குச் சட்டம் போடுறது வேற. இது ரெண்டு மீட்டர் கண்ணாடி. அறுபது கிலோ வரும். நாலு மூலையும் அதைத் தாங்கணும்."

"தாங்கும்."

"தாங்கட்டும். இருந்தாலும் நான் ஒண்ணு லாரியில ஏத்தி வெச்சுடுவேன். உன்னோடது வழியிலயே நாலு குச்சியாப் போச்சுன்னா, மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு சுவரைப் பாத்தா தலை சீவும்?"

எனக்கு வந்த கோபத்தில் அன்றே மரம் வாங்கப் போனேன். என் பெண் தினம் முகம் பார்க்கிற கண்ணாடி என்னுடையதாக இருக்க வேண்டும், கடைக் கண்ணாடியாக இருக்கக்கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதம் உழைத்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சட்டம். ரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வெட்டி, நாற்பத்தைந்துக்குச் சாய்த்து வைத்த பலகையில் அணைத்து, இழைப்புளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மூலைக்குள்ளும் குறுக்காகக் காடிப்பள்ளம் எடுத்து ஒரு மரத்தகட்டைச் செருகிப் பசை போட்டேன். பசை காய்ந்ததும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தேன். இரண்டு குறுக்கும் ஒரே அளவு. கண்ணாடி பின்னால் ஆடக்கூடாது என்று அதைப் பின்பலகையோடு ஒட்டி, பலகையையும் சட்டத்தோடு ஒட்டிவிட்டேன். இனி யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான் ஊர்வலம். மூன்று லாரி, பின்னால் மேளமும் நாயனமும், எட்டுப் பத்து மோட்டார் சைக்கிள்கள், தட்டுத் தட்டாக முஷப்பக் இனிப்பு. கட்டிலும் அலமாரியும் ஏற்கெனவே லாரியில் ஏறி நின்றன. கடைசியாகக் கண்ணாடிக்கு நாலு ஆள் மேலே வந்தார்கள். தூக்கினார்கள், வாசலைத் தாண்டினார்கள், முதல் திருப்பத்தில் நின்றார்கள். நேராகப் பிடித்தார்கள், சாய்த்தார்கள், படுக்கவைத்தார்கள். போகவில்லை.

வெறும் கண்ணாடி இதே படியில்தான் ஏறி வந்தது. நாலு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. நான் சட்டம் போட்டு இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு கூட்டியிருந்தேன். அரை மில்லிமீட்டரைத் துரத்தித் துரத்திப் பிடித்தவன் மாடிப்படியை அளக்கவே இல்லை.

மித்வல்லி மேலே வந்தான். டேப்பை எடுத்துத் திருப்பத்தை அளந்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அண்ணே, ஊர்ல உள்ளவன் எல்லாம் பட்டறையைத் தரையில எதுக்கு வெச்சிருக்கான்னு நெனச்சே? மாடி ஏற மூட்டு வலின்னா?"

"கண்ணாடியைத் தனியாக் கழட்டலாமா?" என்றார் தூக்க வந்தவர்களில் ஒருவர்.

"முடியாது, ஒட்டிட்டேன்" என்றேன்.

"நல்லா ஒட்டினீங்க" என்றாள் தஹானி. "இனிமே மாப்பிள்ளை இங்க வந்து குடியிருக்கட்டும்."

பால்கனி வழியாகக் கயிற்றில் இறக்குவது எங்கள் ஊரில் புதிதில்லை. ஆனால் மித்வல்லி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அலமாரின்னா நான் யோசிக்கவே மாட்டேன். இது சட்டம். வழியில எங்கயாவது ஒரு இடி இடிச்சா மூலை விட்டுடும், கண்ணாடி தெருவுல விழும். அத்தனை பேர் முன்னாடி வேண்டாம் அண்ணே. இது இங்கயே இருக்கட்டும். கீழ என்னோடது இருக்கு."

அவன் கிண்டல் செய்திருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவன் அன்பாகச் சொன்னதுதான் என்னை வீழ்த்தியது. சரி என்று தலையாட்டக்கூடத் தயாராகிவிட்டேன். பின்னால் ஷாஹிந்தா நின்றிருந்ததை இருவரும் பார்க்கவில்லை.

"கயித்தைக் கட்டுங்க சித்தப்பா" என்றாள்.

முதுகுக்கும் ஓரங்களுக்கும் போர்வை சுற்றி, அடியில் இரண்டு கயிறு கொடுத்து, கண்ணாடியின் முகம் தெருவைப் பார்க்கக் கட்டினோம். மித்வல்லி கீழே ஓடினான். பால்கனிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பேர் பின்னால் பிடிக்க, முன்னால் நான் பிடித்தேன். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கண்ணாடி காற்றில் தொங்கியது.

மேலிருந்து எனக்குச் சட்டத்தின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் எதிர்வீடுகளைப் பார்த்தே அது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டேன். நாலாம் மாடியில் நின்ற பெண்கள் தங்கள் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தார்கள். மூன்றாம் மாடியில் பனியனோடு நின்றவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். வெயில் ஒரு பெரிய சதுரமாக எதிர்ச்சுவரில் இறங்கிக்கொண்டே போனது. தெருவே சிரித்தது. மேளக்காரன் கயிற்றுக்குத் தகுந்தபடி அடித்தான்.

இரண்டாம் மாடியில் உம் ஹாஸெம் அம்மாள் வீட்டுத் துணி காயப்போடும் இரும்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஒரு பக்கப் போர்வை நழுவிக் கீழே போனது. டங்கென்று ஒரு சத்தம்.

மேளம் நின்றது. மூலையில்தான் இடித்தது என்று சத்தத்திலேயே தெரிந்தது. உம் ஹாஸெம் ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து விலக்கிவிட்டு, குனிந்து பார்த்துவிட்டு, மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஒண்ணும் ஆகலை வாத்தியாரே! என் கம்பிதான் வளைஞ்சு போச்சு!"

தெரு முழுக்கக் கைதட்டியது. தஹானி என் காதுக்குள்ளேயே குலவையிட்டாள். அந்தக் காது அன்று ராத்திரிவரை சரியாகக் கேட்கவில்லை.

கண்ணாடி லாரியில் இறங்கியது. மித்வல்லி மண்டியிட்டு அந்த மூலையைப் பார்த்தான். நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். திருப்பி ஒருமுறை இழுத்தான். மற்ற மூன்று மூலைக்கும் போனான். நகம் எங்கேயும் மாட்டவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டான். பிறகு தன் கண்ணாடியை அவனே முன்னின்று லாரியிலிருந்து இறக்கி, பட்டறை ஆட்கள் கையில் கொடுத்தான்.

"கடைக்குக் கொண்டுபோங்கடா. ரெண்டு கண்ணாடி எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு!"

எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சட்டத்தை லாரியின் கம்பியோடு கட்டி முடித்தார்கள். முன்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. மேலே இருந்த மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கைகளை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். நான் விடவில்லை. கயிறு இன்னும் அவளுடைய கண்ணாடியைச் சுற்றி இருந்தது, மறுமுனை என் கையில் இருந்தது. லாரி போனால் அவள் அறையில் துணிமணிகூட மிச்சமிருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக மூலைகளைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணே, விடு!" என்று மித்வல்லி கத்தினான். டிரைவர் கத்தினார். எதிர்வீட்டுப் பெண்கள் கத்தினார்கள். நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஷாஹிந்தா லாரிமேல் ஏறி, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, வெயிலுக்குக் கையைக் குடைபிடித்து என்னைப் பார்த்தாள். என் பிடி அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாபா, கயித்தை விட்டுட்டுக் கீழ வாங்க! என் பக்கத்துல இடம் வெச்சிருக்கேன். கண்ணாடியை அங்க எந்தச் சுவத்துல மாட்டறதுன்னு நீங்கதான் அளந்து சொல்லணும்!"

நான் கயிற்றை விட்டேன். செருப்பைத் தேடக்கூட நிற்காமல் நாலு மாடியும் ஓடி இறங்கினேன்.