பூரணிக்கு வாங்கிய இடவிளக்கப்படம்

பூரணியின் பிறந்தநாள் மார்கழித் தொடக்கத்தில் வரும். அந்த வருடம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அடித்த புயல் மழையில், கொட்டகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த வரிசை வீடான லயம் மண்ணோடு போய்விட்டது. பூரணியும் அவளுடைய அப்பா செல்லசாமியும் அம்மா மீனம்மாவும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். கடைசி வீட்டுக்காரர்கள் தப்பவில்லை.

மிஞ்சிய குடும்பங்களைத் தோட்டப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். பூரணி உதவி ஆசிரியையாக இருந்ததும் அதே பாடசாலைதான். தான் பாடம் நடத்திய வகுப்பறையிலேயே இப்போது பாய் விரித்துப் படுத்தாள்.

பூரணியின் சிநேகிதி வினோதாவின் குடும்பத்துக்கு அட்டன் கடைவீதியில் புத்தகக்கடை. உயர்தரம் படிக்கும்போது இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். பூரணிக்குத் தேசப்படம் என்றால் உயிர். லயத்து வீட்டின் நாலு சுவரிலும் படங்களைத்தான் ஒட்டிவைத்திருந்தாள். ரயிலில் போகும்போது சும்மா வரமாட்டாள். "சிங்கமலைச் சொரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழுற மழ கொழும்புக்குப் போவுது, அந்தப் பக்கம் விழுறது திருகோணமலைக்குப் போவுதுடி" என்பாள். வினோதாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மழையாகத்தான் தெரியும்.

நிவாரணமாக அரிசி, பாய், போர்வை எல்லாம் வந்துகொண்டிருந்தன. வினோதாவும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் அவை எல்லோருக்கும் வந்தவை. பூரணிக்கென்று ஒன்று கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

கடையில் விளக்கெரியும் உலக உருண்டை ஒன்று இருந்தது. வகுப்பறையில் அதை எங்கே செருகுவது? பாடசாலை அட்லஸ் பூரணிக்கு மனப்பாடம். வினோதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"நல்லதா ஒரு சல்வார் எடுத்துக் குடு. மாத்துத்துணி இல்லாம நிக்கிற புள்ளைக்குப் படமா குடுப்பாங்க?" என்றார் அம்மா.

"சல்வாரு யாரும் குடுப்பாங்கம்மா. இத யாரு குடுப்பா?"

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் நிரஞ்சனுக்குச் சொல்லி, கொட்டகலைப் பகுதியின் பெரிய இடவிளக்கப்படத் தாளை வாங்கினாள். ஓடை, ஒற்றையடிப்பாதை, லயம் எல்லாம் குறித்திருந்த படம். மடிப்பு விழாமல் சுருட்டி, பொலித்தீனில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பூரணி சுருளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "அடிப்பாவி" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு அதை விரித்தாள். முதலில் தாளை முகர்ந்து பார்த்தாள். பிறகு விரல் ரயில் பாதையில் ஓடி, ரோட்டில் ஏறி, தோட்டத்துக்குள் போய், சின்னக் கறுப்புக் கோடு ஒன்றில் நின்றது.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். "எங்க லயம் எங்க டீச்சர்?" "கோயில் இருக்கா?" என்று ஆளுக்கு ஒரு விரலை வைத்தார்கள். மீனம்மா மகளின் விரல் நின்ற இடத்தையே பார்த்தார்.

"இதுல நம்ம லயம் இன்னும் இருக்கே" என்றார்.

வினோதாவுக்கு அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. செல்லசாமிதான் மெல்லக் கேட்டார்.

"இந்தப் பழுப்புக் கோடெல்லாம் என்னாம்மா?"

"சமவுயரக் கோடுப்பா. நெருக்கமா இருந்தா செங்குத்து. தள்ளித்தள்ளி இருந்தா சமதரை."

லயத்துக்கு மேலே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. செல்லசாமி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்பன்னா சமதரையா ஒரு எடம் காட்டு. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் போதுற மாதிரி."

பூரணி குனிந்து தேடினாள். கோடுகள் விலகி நின்ற ஒரு இடத்தில் விரலை வைத்தவள், குறியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அது தொரை பங்களாப்பா."

ஒருவர் சிரித்தார்.

"இது?" என்றார் செல்லசாமி.

"பெக்டரி."

"இந்தா, இது பரந்து கெடக்கே?"

"அது தேயில. நல்லா கொழுந்து வர்ற மல. அதத் தருவாங்களா?"

கடைசியில் ரோட்டோரமாக ஒரு இடம் அகப்பட்டது. ஓடைக்குத் தள்ளி, சரிவுக்கும் தள்ளி, விறகுக்காக நட்ட டர்பன்டைன் மரங்கள் மட்டும் நிற்கும் மேட்டுநிலம். செல்லசாமி கண்களைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார். "அங்க நான் வெறகு பொறுக்கியிருக்கேன். கெட்டி மண்ணு" என்றார். அன்று பின்னேரம் முழுவதும் வகுப்பறையில் அதே பேச்சு. யாருக்கு எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி எடுப்பது, கோயிலை எங்கே வைப்பது. வினோதா புறப்படும்போது பூரணி அவள் கையைப் பிடித்து, "நல்ல சாமானாக் குடுத்தடி" என்றாள். பஸ்ஸில் வரும்போது வினோதாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் பூரணியும் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் படத்தை எடுத்துக்கொண்டு தோட்ட ஒஃபீசுக்குப் போனார்கள். வினோதாவும் கூடப் போனாள். நிலத்தைப் பற்றி முடிவெடுக்கத் தன்னால் முடியாது, எல்லாம் கொழும்பில்தான் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து அரசாங்கக் காரியாலயம். அங்கே ஒரு அதிகாரி படத்தை மேசையில் விரித்து, பூரணி சிங்களத்தில் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஹரி ஷோக் மெப் எக்க" என்று, படம் பிரமாதம் எனச் சிங்களத்திலேயே பாராட்டினார். பூரணியின் விரல் இருந்த இடத்தைப் போனில் படம் பிடித்து, மேலே அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. பூரணி போன் எடுத்துக் கேட்டபோது அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

தை பிறந்ததும் பாடசாலையைத் திறக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. வகுப்பறைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். விரிசல் இல்லாத லயங்களில் சொந்தக்காரர்களோடு இருந்துகொள்ளலாம் என்றார்கள். செல்லசாமியின் தங்கச்சி வீடு கீழ் லயத்தில் இருந்தது. ஒரே அறை. அதே மலையின் அடியில்.

வினோதா செய்தி கேட்டு ஓடிவந்தாள். பூரணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்துரு. மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. அப்பாட்ட கேட்டுட்டேன்."

"நானு மட்டுமா?"

"அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா."

"அத்த? அத்த புள்ளைங்க? பக்கத்து வீட்டு வைரவன் மாமா?" பூரணி சாக்கின் வாயை இறுக்கினாள். "எத்தன பேரக் கூட்டிட்டுப் போவ, வினோ?"

மாடி அறை எவ்வளவு பெரிது என்று வினோதாவுக்குத் தெரியும்.

"அந்தப் படத்தப் பாத்து நீயே சொன்னியேடி, அந்தச் சரிவு..."

"சொன்னேன். எனக்குத்தான் நல்லாத் தெரியும். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?" குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "மொதல்ல தெரியாம இருந்தோம். இப்பத் தெரிஞ்சிக்கிட்டே இருக்கப் போறோம். அவ்வளவுதான்."

"நான் அதக் குடுத்திருக்கக் கூடாது."

"பைத்தியமாடி நீ?" என்றாள் பூரணி. ஆனால் வினோதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இருவருமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனார்கள். அத்தை வாசலில் அடுப்பை ஓரமாக நகர்த்தி இடம் செய்துகொண்டிருந்தார். மூலையில் பாய்களை அடுக்கினார்கள். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே தூறல் விழுந்தது. ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து மேலே பார்த்தார்கள். மலை முகிலுக்குள் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"நீ கெளம்பு. மழ வலுத்தா பஸ் ஓடாது" என்று பூரணி அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

அட்டன் வந்து சேரும்போது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. வினோதா நனைந்த துணியை மாற்றாமலே போனை எடுத்தாள்.

"அங்க மழையா?"

"ம். நல்லாப் பெய்யுது."

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான். சோறு வெந்துக்கிட்டு இருக்கு. செருப்பப் போட்டுக்கிட்டு எல்லாரும் உக்காந்திருக்கோம்."

இருவரும் போனை வைக்காமல், அவரவர் தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.