நானாவுக்காக மூச்சு வாங்கியவர்

1

ஒப்புக்கொள்கிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. கானா நாட்டுக் குமாசியில் இருதய வார்டு. பக்கத்துக் கட்டிலில் கிடந்த எனக்கும் நானா ஒபிரிக்கும் நடுவே இடுக்கு விட்ட ஒரு திரைதான். (நானா என்பது இங்கே பட்டம்; கேள்வி அல்ல.) அவர் ஊர்த் தலைவர். மரபுப்படி தலைவர் சபையில் தானே வாய் திறக்கக் கூடாது. அவருக்காகப் பேச அமாங்குவா என்ற முதியவர், பொன்முலாம் பூசிய கோலோடு கூடவே இருந்தார்.

‘அன்று மழை’ என்று கதையைத் தொடங்கினேன். பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

மூச்சுப் பயிற்சி தர செர்வா வந்தாள். கையில் மூன்று பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் கருவி.

“குழாயை வாயில வச்சு உள்ள இழுங்க நானா. பந்து மேல ஏறணும். இப்பவே பழகினாத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சுல சளி கட்டாது.”

நானா ஏதோ முணுமுணுத்தார். அமாங்குவா கருவியை வாங்கி, பணிவாகக் குனிந்து இழுத்தார். மூன்று பந்தும் துள்ளி ஏறின.

“நானா செஞ்சுட்டார்” என்று அறிவித்தார்.

செர்வா சிரிக்கவில்லை. “அப்ப நாளைக்கு உங்களையே படுக்க வச்சு அறுத்துடலாமா ஐயா?”

அமாங்குவா யோசித்தார். அவர் முகத்தில்… [இந்த வாக்கியம் வேண்டாம். நிஜமாகவே சரி என்றிருப்பார் என எழுத வருகிறது. நையாண்டிக் கதை கெட்டுப்போகும்.]

3

நானா தானே இழுத்தார். ஒரு பந்து பாதி ஏறி விழுந்தது.

“நீ வெளிய இரு” என்றார் அமாங்குவாவிடம். பிறகு, இடையில் ஆளில்லாமல், “பயமா இருக்கும்மா.”

“இருக்கட்டும். பயத்தோடயே இழுங்க. பிடிங்க. இப்ப விடுங்க.”

தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமவும் பழக்கினாள். திரைக்கு வெளியே அமாங்குவா, வேலை பறிபோனவர்போல, எதுவும் கேட்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டது. எனக்கே கேட்டதே.

4

முதல் வரைவில் நானாவை நிமோனியாவில் கொன்றேன். அத்தனை இழுத்தவருக்கு அது அநியாயம், கிழித்துப் போட்டேன். உண்மையில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வலியில் செர்வாவைத் திட்டித் திட்டி இருமினார். சளி கட்டவில்லை. வீடு போனார்.

நான் நலம் விசாரிக்கப் போன அன்று சபை கூடியிருந்தது. ஒரு பெரியவர் கேட்டார்: “கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நானா என்ன சொன்னார்?”

நானா தரையைப் பார்த்தார். அமாங்குவா எழுந்தார்.

அவர் பதிலாக ‘சிறுத்தைபோல உறுமினார்’ என்று எழுதி அடித்தேன். ‘பயம் என்றார்’ என்று எழுதி, அதையும் அடித்தேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொல்லையே பேசியவர். இப்போது என் சொல்லையும் அவர் வாயில் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

சபை காத்திருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், அமாங்குவா.