பல் டாக்டர் பட்டி பார்த்த கார்

பல் டாக்டருக்கு ஒரு வேலையைத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. இதை யாரும் புறம் பேசவில்லை, அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். மாடியில் இரண்டு தட்டோடு நிற்கிற புத்தக அலமாரி, மூன்றாம் பாடத்தோடு மூட்டை கட்டிய வயலின், ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் எல்லாம் அவருடைய கைவண்ணம்தான். இவற்றுக்கெல்லாம் அண்ணன், வாசல் ஷெட்டில் பத்தொன்பது வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த கார். இரண்டே கதவு வைத்த பழைய மாடல். அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று மனைவியிடம், "ரெண்டே மாசம். அப்புறம் உனக்கு பஸ்ஸே வேண்டாம்" என்று மார்தட்டினார்.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருஷமும் பஸ்ஸில்தான் போய் வந்தாள். ஒரு நாள்கூடக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

போன மாதம் துணி மடித்துக்கொண்டே, "வர்ற மாசம் கடைசி வெள்ளியோட எனக்கு ஆபீஸ் முடியுதுங்க" என்றாள்.

டாக்டருக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ. "அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன்னை நம்ம கார்லதான் கூட்டிட்டு வருவேன். எழுதி வச்சுக்கோ!"

"சரிங்க" என்றாள். மடித்த சட்டையை அடுக்கிவிட்டு, "எதுக்கும் பஸ் பாஸைக் கையில வச்சிருக்கேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பஸ் ஏறப்போவது அதுதான் கடைசி நாள். அதற்குப் பிறகு காரை எத்தனை அழகாக ஓட்டிவந்து என்ன பிரயோஜனம்? இந்த ஒரு சொல்லையாவது காப்பாற்றாவிட்டால், மிச்சமிருக்கிற காலத்தில் தான் அந்த வீட்டில் வாயைத் திறப்பதற்கே அர்த்தம் இல்லை என்று தோன்றியது.

மறுநாளே தார்ப்பாய் விலகியது. ஐயோ, அந்தக் கோலத்தை என்னவென்று சொல்ல! தொட்ட இடமெல்லாம் துரு அப்பளமாக நொறுங்கியது. இஞ்சினைப் பார்க்க வந்த மெக்கானிக், ஒரு தடவை சுற்றிவந்து உச்சுக் கொட்டினார்.

"டாக்டர், இஞ்சினை எப்படியாவது பேச வச்சிடலாம். பாடிதான் மோசம். டிங்கரிங் கடைக்கு அனுப்பிடுங்க."

"பாடியை நான் பாத்துக்கறேன் தம்பி. முப்பத்தஞ்சு வருஷமா சொத்தையோடதான் குடித்தனம். பல்லா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன? சுரண்டணும், அடைக்கணும், பளபளன்னு தேய்க்கணும். அவ்வளவுதானே?"

மெக்கானிக் தலையை ஆட்டிவைத்தார். டாக்டரிடம் கடைவாய்ப் பல் வைத்தியத்தில் பாதியில் இருந்தார், பாவம்.

அதிலிருந்து கிளினிக் முடிந்ததும் டாக்டர் காரே கதி என்று கிடந்தார். பானெட்டைத் தூக்கும்போது பழக்கதோஷத்தில் "நல்லாத் திறங்க" என்றார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை மட்கார்டுக்குள் விட்டுத் துருவைத் தேடினார். சுரண்டும்போது "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றுகூட ஒரு தடவை வாயில் வந்துவிட்டது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துத் தானே தலையில் அடித்துக்கொண்டார். டப்பா டப்பாவாகப் பட்டி வாங்கி ஓட்டைகளை அடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மூன்றாம் வாரம் மெக்கானிக் ஒரு காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்துப் பார்த்தார். அது நழுவிக் கீழே விழுந்தது.

"டாக்டர், இதுல இரும்பு எங்க இருக்கு?"

"உள்ள எங்கயாவது இருக்கும் தம்பி" என்றார் டாக்டர், அசடு வழிய.

கடைசி வாரம் அடைக்க இனி இடமே இல்லை என்று நினைத்தபோது, இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளப் பிளவு கண்ணில் பட்டது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. சுற்றிலும் துரு அரித்து ஓரமெல்லாம் பல்லிளித்துக் கிடந்தது. இடுக்கு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. அரை நாள் உட்கார்ந்து, அழுத்தி அழுத்தி அடைத்து, மயிரிழைகூடத் தெரியாமல் தேய்த்து, அதன்மேல் நீலப் பெயிண்ட் அடித்தார். கழற்றி வைத்திருந்த கைப்பிடிகளை மினுக்கி மறுபடி மாட்டினார். இரண்டு தடவை தெருவைச் சுற்றி ஓட்டியும் பார்த்தார், தன்னந்தனியாக.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கே குடிநீர் அலுவலக வாசலில் போய் நின்றார். வழியில் நின்றுவிடவில்லை, புகைகூட அவ்வளவாக வரவில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மணிக்கு மனைவி வெளியே வந்தாள். பின்னால் புகார்ப் பிரிவு மொத்தமும் பூங்கொத்தும் பரிசுப் பெட்டியுமாக வந்தது. காரைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தார். பத்தொன்பது வருஷ மானம் அந்த ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது.

"ஏறு" என்றார், ஸ்டியரிங் முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்தபடியே.

அவள் இடது பக்கக் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கைப்பிடி மட்டும் வந்தது. ஆபீஸ் டிரைவர் ஓடிவந்து தடவிப் பார்த்துவிட்டு, "சார், இங்க கதவே இல்லையே?" என்றார்.

அப்போதுதான் அந்த நீளப் பிளவு இரண்டும் என்னவென்று டாக்டருக்கு உறைத்தது. ஏறின மானம் அதே வேகத்தில் இறங்கியது. "கதவு இருக்கு... நான்தான் அடைச்சுட்டேன்" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் நாலைந்து பேர் திரும்பிக்கொண்டார்கள். பூமி பிளந்தால்கூடத் தன்னால் உள்ளே போக முடியாது, முதலில் அதையும் அடைக்கத்தான் தோன்றும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி சிரிக்கவில்லை. காரைச் சுற்றி அவர் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"நான் இறங்கிக்கறேன், நீ இப்படிப் பூந்து அந்தப் பக்கம்..."

"நீங்க தள்ளி உக்காருங்கன்னேன்."

அறுபத்திரண்டு வயதில், கியர் கம்பியில் பேன்ட் மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க டாக்டர் அந்தப் பக்கம் தாவினார். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். ஓட்டுநர் உரிமம். அவள் முகம்தான், கொஞ்சம் இளமையாக.

"இது... எப்போ எடுத்தே?"

"நீங்க காரைக் கொண்டுவந்த வருஷம். ரெண்டு தடவை புதுப்பிச்சாச்சு. கை மறந்துடக் கூடாதுன்னு மத்தியானத்துல ஆபீஸ் ஜீப்பை ஓட்டுவேன். இவங்க எல்லாருக்கும் தெரியும்."

வெளியே கைதட்டல் கேட்டது. டிரைவர்தான் பலமாகத் தட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா உங்களை அவசரப்படுத்துற மாதிரி இருக்குமேன்னுதான்."

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன்னை நம்பவே இல்லை என்று அவர் இத்தனை நாள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அவளோ நம்பி, படித்து, பரீட்சை எழுதி, புதுப்பித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். தன்னைப்போல ஒரு மடையன் உலகத்தில் உண்டா என்று மூக்கை உறிஞ்சினார். அவள் கியரைப் போட்ட விதத்தில் கார் அவருக்குக் காட்டாத மரியாதையை அவளுக்குக் காட்டியது. வழியில் எந்த பஸ்ஸைக் கண்டாலும் ஹாரன் அடித்து முந்தினாள்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அவள் இறங்கி வழி விட்டால்தான் அவரால் இறங்க முடியும். அவள் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்து போகலாமாங்க?"

"போம்மா. நான் எங்க ஓடிடப்போறேன்?" என்றார் டாக்டர்.