மூன்றாவது பாடவேளை

ஒலிபெருக்கி அலறியது. "நிலநடுக்கம். நிலநடுக்கம்."

ஒரு நொடி முன்புவரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கில ஆசிரியை ரோவெனாவைக் கேள்விகளால் துளைத்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், பிலிப்பைன்ஸ்ல பனி பெய்யுமா?" "நீங்க கனவு காண்றது எந்த பாஷையில?"

"எல்லாரும் மேசைக்கு அடியில" என்றாள் அவள், தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில். சன்னல்கள் கடகடத்தன. அலமாரியிலிருந்து உலக உருண்டை விழுந்து உருண்டது.

வகுப்பாசிரியர் குவாபாராவின் நாற்காலி காலியாக இருந்தது. ரோவெனா ஒரு நிறுவனம் அனுப்பிய ஆள். தனியாகப் பாடம் நடத்த உரிமம் கிடையாது. வகுப்பாசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. அவரோ மூன்றாவது பாடவேளையில் கீழ்த்தளத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்.

ஆட்டம் நின்றதும் முப்பத்தொரு பேரையும் மாடிப்படியில் வரிசையாக இறக்கினாள். அழுத சுமிரேயைக் கைப்பிடித்து நடத்தினாள். வகுப்பறைக்குள் போடும் வெள்ளைக் காலணிகளோடு எல்லோரும் மைதானப் பனியில் நின்றார்கள். இரண்டு முறை எண்ணினாள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மறுநாள் துணைத் தலைமையாசிரியர் இகராஷி அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஒரு தாளை நகர்த்தினார்.

"நகராட்சிக்கு அறிக்கை. குவாபாரா சார் பிள்ளைங்களை இறக்கினாரு, நீங்க ஒத்தாசை பண்ணீங்கன்னு இருக்கு. ஒரு கையெழுத்து."

"அவர் அங்க இல்லையே, சார்."

"இல்லைன்னு எழுதினா, உரிமம் இல்லாத உங்ககிட்ட வகுப்பை விட்டதா ஆகும். யாருக்கு நல்லது?" அவர் குரல் உயரவில்லை. "ஏப்ரல்ல தொடங்குற புது கல்வியாண்டுக்கு யாரை அனுப்பணும்னு உங்க நிறுவனம் வெள்ளிக்கிழமை கேக்கும். உங்களையே கேக்கத்தான் எனக்கு ஆசை."

ஏப்ரல் ஒப்பந்தம் இருந்தால்தான் விசா நீளும். ரோவெனா கையெழுத்திட்டாள். கதவருகே நின்ற குவாபாரா இடுப்பு வளைய வணங்கினார், நிமிர நேரமாயிற்று.

திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளையில் அவர் தம் நாற்காலியில் இருந்தார். பாடம் முடிந்து அவர் வெளியேறியதும் பிள்ளைகள் ரோவெனாவைச் சூழ்ந்தார்கள்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க பேசின ஜப்பானியத்தைக் கேட்டு எனக்கு பயமே போயிடுச்சு. சிரிப்பை அடக்க முடியல" என்றான் ஒருவன்.

சுமிரே சிரிக்கவில்லை. சிவப்பு மையால் அடித்திருந்த தன் கட்டுரை நோட்டை நீட்டினாள்.

"குவாபாரா சார்தான் கையைப் பிடிச்சு இறக்கினாருன்னு மாத்தி எழுதணுமாம். அப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு எழுதட்டும், டீச்சர்?"