ஊமைக் கூட்டத்துச் சிப்பாய்

நர்ஸம்மா சொன்னார் என்பதற்காகத்தான் வெல்டர் பட்டாளத்தில் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இருபது வருஷத்துக்கு முன் அவர் ஒரு மார்க்கம் தொடங்கினார்; வெல்டரின் குடும்பம் அதில் இருந்தது. சாமி படம் கிடையாது, பாட்டு கிடையாது. மன்றத்தில் கூடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் அவர்களை ஊமைக் கூட்டம் என்றது. வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை. இரண்டு முறை மன்றத்துக்குத் தீ வைத்தார்கள். போர் வந்ததும் நர்ஸம்மா, "வீட்டுக்கு ஒரு பிள்ளை போகட்டும். நம்ம ரத்தமும் சிவப்புதான்னு ஊர் பார்க்கட்டும்," என்றார்.

முதல் வாரமே சார்ஜென்ட் அவன் முன்பல்லைப் பெயர்த்தார். "பேச்சு வருதான்னு பார்த்தேன்டா," என்று சிரித்தார். வெல்டர் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு நின்றான்.

ஆற்றுப் பாலத்துச் சண்டையில் எதிரிச் சிப்பாய்கள் இருவரைக் கத்தியால் குத்திச் சாய்த்தான். ஒருவன் லேசில் சாகவில்லை. கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சில் காலை ஊன்றித்தான் வெல்டர் அதை உருவ வேண்டியிருந்தது.

அடுத்துப் பிடித்த நகரத்தில் ஒரு மன்றம் இருந்தது, நர்ஸம்மாவின் மார்க்கத்து மன்றம். அங்கிருந்து எதிரிக்குத் தகவல் போகிறது என்று யாரோ புரளி கிளப்பியிருந்தார்கள்.

"உன் ஆளுங்கதானே?" என்றார் சார்ஜென்ட். "பத்து நிமிஷத்துல காலி பண்ணு. இல்லேன்னா உள்ளேயே வச்சுச் சுட்டுருவோம்."

உள்ளே நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க, சுடப் போறாங்க," என்றான். யாரும் அசையவில்லை.

முன்வரிசையில் இருந்த அந்த ஊர் டீச்சர் ஒருவர் மட்டும் தலை நிமிர்ந்து, "நீ எந்த வீட்டுப் பிள்ளைப்பா?" என்று கேட்டார்.

"நர்ஸம்மா அனுப்பின பிள்ளை."

"அப்ப நீயும் உக்காரு."

வெளியே துப்பாக்கிகள் தயாராகும் சத்தம் கேட்டது. வெல்டர் துப்பாக்கியைத் திருப்பி அதன் கட்டையை டீச்சரின் தோளில் இறக்கினான். எலும்பு முறிவது அவன் கைக்கே தெரிந்தது. தலைமுடியைப் பற்றி வாசல்வரை இழுத்துப் போனான். தடுக்க வந்த கிழவரின் முகத்தில் ஓங்கி உதைத்தான். மற்றவர்கள் அழுதுகொண்டே எழுந்து வெளியேறினார்கள். யாரும் சாகவில்லை.

பாலத்துச் சண்டைக்காகச் சட்டைக் கையில் பதவிப் பட்டை ஏறியது. பத்திரிகையில் படம் வந்தது. விடுப்பில் ஊருக்கு வந்தபோது, தீ வைத்தவர்களே கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள். நாலு குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைத்திருந்தது.

நர்ஸம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்ப்பா," என்றார்.

மறுநாள் மன்றத்தில் எல்லோரும் கண்மூடி இருக்கையில் வெல்டர் எழுந்து நின்று, அதை உரக்கச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவன் அப்பா பாய்ந்து வந்து அறைந்தார். விழுந்தவனை மிதித்தார்.

"இதுக்காடா உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பினேன்?"

வெல்டர் கையைத் தூக்கவில்லை. நர்ஸம்மாதான் குறுக்கே வந்து, "அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க. அனுப்பச் சொன்னவ நான்," என்றார்.